வயர் இல்லாத பெட்டி

எங்கள் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தின் சாவி பல வருடங்களாக என் கைப்பையில்தான் இருக்கிறது. வணிகவியல் நடத்துவது நான் படித்து வாங்கிய வேலை. கூடத்தைப் பார்த்துக்கொள்வது என் தலையில் கட்டப்பட்ட வேலை. மைக், நாற்காலி, மின்விசிறி, கூரையிலிருந்து இரும்புக் குழாயில் தொங்கும் புரொஜெக்டர் எல்லாம் என் பொறுப்பு. ஒரு பேனா மூடி காணாமல் போனாலும் மூன்று நாள் விசாரிப்பேன். பிள்ளைகள் எனக்குப் பின்னால் ‘போலீஸ்காரம்மா’ என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாமல் இல்லை. கூப்பிட்டுக்கொள்ளட்டும். என் காலத்தில் ஒரு நாற்காலி வெளியே போனதில்லை.

அதனால்தான் எனக்கு வயர் பிடிக்கும். லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டருக்குப் போகிற அந்தக் கறுப்பு வயருக்கு ஒரு முனை இங்கே, ஒரு முனை அங்கே. படம் வரவில்லையா, இந்த முனையை ஆட்டிப் பார்க்கலாம். அப்போதும் வரவில்லையா, அந்த முனையை ஆட்டலாம். அதில் ஒளிவு மறைவு கிடையாது. ஆனால் போன விழாவுக்குப் பேச வந்த பெரியவர் ஒருவர் அதில் கால் தடுக்கித் தள்ளாட, மேசையில் இருந்த லேப்டாப் தரைக்கு வந்துவிட்டது. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. லேப்டாப் போச்சு. எங்கள் பிரின்சிபால் அந்த விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“ஆய்வுக் குழு வர்றப்போ தரையில ஒரு வயர் கெடக்கக் கூடாது மேடம். பாயைக் கூப்ட்டு வயர்லெஸ் எதுனா மாட்டச் சொல்லிடுங்க.”

பாய் என்று நாங்கள் கூப்பிடுகிறவர் முல்லா வீதிப் பக்கம் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். பிரிண்டர், மைக்செட், புரொஜெக்டர் எது மக்கர் செய்தாலும் ஆறு வருடமாக எங்கள் கல்லூரிக்கு அவர்தான். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, தோளில் ரெக்சின் பை. கூடத்துக்குள் வரும்போது செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார். “போட்டுக்கிட்டே வாங்க பாய், இது இன்னா கோயிலா?” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சிரிப்பாரே தவிர செருப்போடு வரமாட்டார். அதிகம் பேசாத ஆள். அதிகம் பேசாதவர்கள்மேல் எனக்கு எப்போதுமே ஒரு கண் உண்டு.

பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த திங்கட்கிழமை காலையில் அவர் அந்தக் கருவியைக் கொண்டுவந்தார். அட்டைப்பெட்டிக்குள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. கூடவே நடுவில் ஒரு பொத்தான் வைத்த வட்டமான வில்லை ஒன்று. பெட்டி மேலே புரொஜெக்டரோடு இருக்குமாம். வில்லையை லேப்டாப்பில் செருகிப் பொத்தானை அமுக்கினால் போதுமாம், படம் திரைக்குப் போய்விடுமாம்.

“எப்படிப் போவும்?”

“காத்துலதான் மேடம். வைஃபை மாதிரி.”

“காத்துல போனா பக்கத்து கிளாஸ் ரூம்ல இருக்கறவன் புடிச்சிட மாட்டானா?”

“புடிக்க முடியாது மேடம். இந்த வில்லைக்கும் அந்தப் பெட்டிக்கும் மட்டும்தான் பேச்சு.”

அவர்கள் இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் துறையின் ஐந்து வருடக் கணக்கு வழக்கும் நான் இப்போது வைத்திருக்கும் லேப்டாப்பில்தான் இருக்கிறது. நாளைக்கு எவனாவது உட்கார்ந்த இடத்திலிருந்து உருவிக்கொண்டு போனால் யார் பதில் சொல்வது? கேட்டேன். “அப்படியெல்லாம் ஆவாது மேடம்” என்றார். எல்லாம் ஆன பிறகும் இதையேதான் சொல்வார்கள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பத்து மணிக்கு வகுப்பு. போவதற்கு முன்னால் எங்கள் அட்டெண்டர் அம்மாவைக் கூப்பிட்டேன். வீராம்பட்டினத்திலிருந்து வருகிறவர். கண்ணும் காதும் கத்தி. “அவர் வேலை முடிச்சிட்டுக் கெளம்பற வரைக்கும் நீங்க இங்கேர்ந்து நகரக் கூடாது. மேல ஏறி இன்னா பண்றாருன்னு பாத்துக்கிட்டே இருங்க” என்றேன். பாயின் காதில் விழும்படிதான் சொன்னேன். விழட்டுமே என்றுதான் சொன்னேன்.

திரும்பி வந்தபோது திரையில் என் லேப்டாப்பின் முகப்பு பளிச்சென்று தெரிந்தது. தரையில் வயர் இல்லை. உள்ளதைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் பாய் முகத்தில் வேலை முடித்த களை இல்லை. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு நின்றார்.

“பொட்டி ஓடுது மேடம். ரிமோட்டுதான் எடுக்க மாட்டேங்குது. நான் மேல ஏறி மெஷின்லயே கையால அமுக்கி ஆன் பண்ணினேன்.”

ரிமோட் இல்லாமல் எங்கள் கூடத்தில் ஒன்றும் நடக்காது. புரொஜெக்டர் எட்டாத உயரத்தில் தொங்குகிறது. அதைப் போடவும் அணைக்கவும் ரிமோட் வேண்டும். போட்டதும் அது பழைய வயர் செருகியிருந்த வாசலைத்தான் பார்க்கும். புதுப் பெட்டி இருக்கிற வாசலுக்கு மாற்றுவதும் ரிமோட்தான். ஆய்வுக் குழுவை உட்கார வைத்துவிட்டு ஏணி போட்டு ஏற முடியுமா?

“லீவுக்கு முந்தி இந்த ரிமோட்டு நல்லா வேலை செஞ்சுது பாய். நானேதான் அணைச்சிட்டுப் போனேன். இன்னைக்கு உங்க பொட்டி வந்துச்சு, ரிமோட்டு படுத்துக்கிச்சு. அப்போ எதுல கோளாறு?”

“பொட்டிக்கும் ரிமோட்டுக்கும் சம்பந்தமே இல்ல மேடம்.”

“வேற எதுக்குச் சம்பந்தம்?”

அவர் வாயைத் திறந்தார். அட்டெண்டர் அம்மாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பிறகு, “உங்க ஆளுங்க யாரையாவது ஒரு தபா மேல ஏறிப் பாக்கச் சொல்லுங்க மேடம்” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “நாங்க ஏறிப் பாக்கறதுக்கு நீங்க எதுக்கு பாய்? நாளைக்கு நாங்களே கிளாஸ் எடுத்துக்கறோம்னு புள்ளைங்க சொல்ற மாதிரி இருக்கு.” அவர் பையை எடுத்துக்கொண்டு, நாளைக்கு வேறு ரிமோட் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அட்டெண்டர் அம்மா என் பக்கத்தில் வந்தார். “மேடம், ஒண்ணு சொல்லட்டா? அந்த பாய் எல்லாம் மாட்டிட்டு, ரிமோட்டு வேலை செய்யலன்னதும் மறுபடியும் ஏணியில ஏறினாரு. மெஷின் மூஞ்சிக்கு நேரா நின்னு அப்படியே பாத்தாரு. கையில துணிகூட எடுத்தாரு. அப்புறம் இன்னா நெனச்சாரோ, என்னைத் திரும்பிப் பாத்துட்டு, ஒண்ணுமே தொடாம எறங்கிட்டாரு.”

இது போதாதா எனக்கு? கோளாறு எங்கே என்று தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மறைக்கிறார். பெட்டியை மாட்டும்போது உள்ளே எதையோ உடைத்துவிட்டார், அதை ஒத்துக்கொள்ள மனசில்லை. அன்று இரவு சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் இதைப் புட்டுப் புட்டு வைத்தேன். “பாவம்டி, ஆறு வருஷமா வர்ற ஆளு” என்றார். ஆறு வருடமாக ஏமாற்றவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேச்சை முடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பாய் புது ரிமோட்டோடு வந்தார். அதுவும் எடுக்கவில்லை. பாட்டரி மாற்றினார். எடுக்கவில்லை. தன் செல்போன் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்குக்கு நேரே பிடித்து, பொத்தானை அமுக்கி என்னிடம் காட்டினார். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் செல்போனில் ஊதா நிறத்தில் மினுக் மினுக்கென்று எரிந்தது.

“பாருங்க மேடம், ரெண்டு ரிமோட்டும் நல்லா இருக்கு. இந்த வெளிச்சம் மெஷினுக்குப் போய்ச் சேரல. அவ்ளோதான்.”

“ஏன் சேரல?”

மறுபடியும் அதே பல்லவி. “உங்க ஆளு ஒருத்தரு ஏறிப் பாத்தா...”

“பாய், எனக்கு வித்தை காட்டாதீங்க. உங்களால முடியுமா, முடியாதா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நான் தாழ்வாரத்துப் பக்கம் போனபோது தூணுக்கு அந்தப் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. நின்று கேட்டேன்.

“இல்ல மச்சான், எனக்குத் தெரியுது எங்கன்னு. ஆனா அதுல நான் கை வெக்க முடியாது. வெச்சா வம்பாயிடும்.”

மாட்டினாயா என்று மனசு குதித்தது. நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். நல்ல மனுஷர்தான், யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, “நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போம். ஓடலன்னா பாயை நிறுத்திட்டு வேற ஆளைப் போட்டுக்கலாம். நீங்க கையோட ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடுங்க, நாளைக்கு நான் கையெழுத்து போட்டுடறேன்” என்றார்.

எழுதினேன். என்னமாய் எழுதினேன்! ‘பொருத்தப்பட்ட கருவியால் ஏற்கெனவே இயங்கிவந்த தொலை இயக்கி பழுதடைந்துள்ளது. பழுதின் காரணம் அறிந்தும் மேற்படி நபர் நேரான பதில் அளிப்பதில்லை. இனி அவரைக் கல்லூரிப் பணிகளுக்கு அழைக்காதிருப்பது நலம்.’ நேரான பதில் என்ற இடத்தில் எனக்கே ஒரு திருப்தி. தட்டச்சு செய்து, எழுத்துப்பிழை பார்த்து, சாயங்காலமே கொடுத்துவிட்டேன். கல்லூரி போனால் அந்த மனுஷருக்குப் பெரிய அடி என்பது எனக்குத் தெரியும். எங்கள் கல்லூரியைப் பார்த்துத்தான் இரண்டு பள்ளிக்கூடங்களில் அவரைக் கூப்பிடுகிறார்கள். தெரிந்தேதான் கொடுத்தேன்.

புதன்கிழமை அவர் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். கையும் களவுமாகப் பிடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அட்டெண்டர் அம்மாவை ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். “மேடம், வேணாம், வுழுந்து வெக்கப் போறீங்க” என்று கீழே அவர் புலம்பினார். முதலில் பெட்டியைத்தான் குடைந்தேன். அழகாகக் கட்டி, செருகி, ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரு கீறல் இல்லை. அப்புறம் புரொஜெக்டரின் முகத்துக்கு நேரே வந்தேன்.

அங்கே என் பொட்டு இருந்தது.

ஆமாம், என்னுடையதேதான். ஆயுத பூஜைக்கு நான் வைத்தது. விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் இதே ஏணியில் ஏறி, கிண்ணத்துச் சந்தனத்தைக் கட்டியாக அள்ளி அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். மற்ற மெஷினுக்கெல்லாம் பிள்ளைகளை வைக்கச் சொன்னவள், கூடத்தின் மெஷின் என் பொறுப்பு என்று நானே ஏறினேன். முகமெல்லாம் வெள்ளை பிளாஸ்டிக்காக இருந்தது. லென்ஸ் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு இடம் மட்டும் கறுப்பாக, பளபளவென்று, சின்னதாக இருந்தது. பொட்டு வைக்கவே விட்ட இடம் என்று எனக்குத் தோன்றியது. அங்கேதான் வைத்தேன்.

அந்த வாரம் எங்கள் கல்லூரியில் பொட்டு இல்லாத பொருள் எது? பஸ், பீரோ, கம்ப்யூட்டர், தண்ணீர் மோட்டார், ஏணிக்கே பொட்டு. கீழே நின்று இரண்டு நாளாக அண்ணாந்து அண்ணாந்து பார்த்தேன். பொட்டு கண்ணில் பட்டதே தவிர கருத்தில் படவில்லை.

முந்தானை நுனியை அட்டெண்டர் அம்மா நீட்டிய பாட்டில் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். காய்ந்த சந்தனம் லேசில் விடவில்லை, நகத்தால் சுரண்டி எடுத்தேன். “ரிமோட்டை அமுக்குங்க” என்றேன். ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அட்டெண்டர் அம்மா அமுக்கினார். டிங் என்று ஒரு சத்தம். என் முகத்துக்கு எதிரே புரொஜெக்டர் எரிந்தது. எனக்கு அந்த வெளிச்சத்தில் கண் கூசியதா, அழுகை வந்ததா என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் வெட்கமாக இருந்தது.

கீழே பார்த்தேன். வாசலில் பாய் வெறுங்காலோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

இறங்கி வந்தேன். “மொத நாளே பாத்துட்டீங்களா பாய்?”

“பாத்துட்டேன் மேடம்.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!”

“இன்னான்னு சொல்றது மேடம்? சாமிக்கு வெச்ச பொட்டு மெஷின் கண்ணை மறைக்குது, அழிச்சிடுங்கன்னா? அதை நான் சொல்லலாமா? அதான் உங்க ஆளை ஏறிப் பாக்கச் சொன்னேன். அவங்க கண்ணுல பட்டா அவங்களே எடுத்துடுவாங்கன்னு பாத்தேன்.”

“ஒரு துணியால நீங்களே தொடச்சிட்டுப் போயிருந்தா யாருக்குத் தெரியப் போவுது?”

அவர் அட்டெண்டர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தொடைக்கத்தான் துணியை எடுத்தேன் மேடம். கீழ ஒரு ஆளு என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்களே. நீங்கதானே நிக்கச் சொன்னீங்க.” தோளிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தார். “ரிமோட்டு சரி பண்ணத் தெரியாத பாய்னு பேர் வந்தா இந்தக் காலேஜு மட்டும்தான் போவும். பொட்டை அழிச்ச பாய்னு யாராவது வாய் தவறிச் சொல்லிட்டா, இந்த ஊர்ல எந்தப் படி ஏறுவேன் நான்?”

பேச்சிலேயே பிழைப்பை ஓட்டுகிறவள் நான். “அப்படியெல்லாம் யாரும் நெனைக்க மாட்டாங்க பாய்” என்று சொல்லப் போனேன். மூன்று நாளாக நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். லெட்டர் விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

அதற்குள் பிரின்சிபாலே வந்துவிட்டார். திரையில் படம் ஓடுவதைப் பார்த்து முகம் மலர்ந்தார். “அட, ஓடுதே! இன்னா கோளாறாம் மேடம்?”

“தூசி சார்” என்றேன். எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

“ஆமா சார், தூசிதான்” என்றார் பாய், எனக்கு முட்டுக்கொடுக்கிற மாதிரி.

“தூசியா?” பிரின்சிபாலின் முகம் மாறியது. “தூசிக்கா மூணு நாளு? தூசி தொடைக்கத்தானே பாய் உங்களைக் கூப்பிடறோம்? சரி மேடம், உங்க லெட்டர் சரியாத்தான் இருக்கு.” சட்டைப் பையிலிருந்து என் லெட்டரை எடுத்து மேசைமேல் விரித்தார். பேனாவைத் திறந்தார்.

பாய் அந்தக் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ரெக்சின் பையின் வாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“சார், இருங்க” என்றேன். “தூசி இல்ல. பொட்டு. நான் பூஜைக்கு வெச்ச பொட்டு. ரிமோட்டோட வெளிச்சம் போற எடத்துலயே அப்பி வெச்சிட்டேன். பாய் மேல ஒரு தப்பும் இல்ல.”

பிரின்சிபால் பேனாவை நிறுத்தினார். அண்ணாந்து புரொஜெக்டரைப் பார்த்தார். பொட்டு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. சிரிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். என் பக்கம் திருப்பவில்லை.

“பொட்டை அழிச்சது நீங்களா பாய்?”

பாயின் கை பையின் வாரிலேயே நின்றுவிட்டது.

“நான் சார்! நான் அழிச்சேன்!” கத்தியேவிட்டேன். சந்தனமும் குங்குமமும் அப்பிய ஈர முந்தானையைப் பிரின்சிபால் மூக்குக்கு நேரே நீட்டினேன். மேசைமேல் இருந்த லெட்டரை எடுத்து நான்காகக் கிழித்தேன். “சரி சரி மேடம், எதுக்கு இவ்ளோ டென்ஷன், சும்மாதான் கேட்டேன்” என்று பிரின்சிபால் பேனாவை மூடினார்.

அப்போதும் அவர் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.